பதினான்காம் எண் நிலம்

போல்டைக், மார்ச் 3

அன்புள்ள கோண்டா,

நான் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் வலி என்று எழுதினாய், எந்தக் கால் என்று எழுதவில்லை. தொலைபேசியில் கேட்டால் உனக்குக் காதில் விழுவதில்லை. நானும் கத்திப் பேசுகிறவள் அல்ல. ஆகவே கடிதம்.

செய்தி இதுதான். உன் அண்ணன் ஆரீ இறந்த வருடம் நம் ஊர்த் தோட்டச் சங்கத்தில் பெயர் பதிந்து வைத்தேன். நான்கு வருடம் கழித்து இப்போது பதினான்காம் எண் நிலம் எனக்கு வந்திருக்கிறது. எங்கள் தக்காளிக் கண்ணாடிக் குடிலை விற்று இந்த மூன்றாம் மாடி வீட்டுக்கு வந்த நாள் முதல் நான் செய்யும் ஒரே உருப்படியான வேலை ஜன்னல் துடைப்பது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு செடியும் இல்லை.

ஆனால் இந்த ஒரு வருடம் எனக்குச் சோதனை வருடம். ஜூலையிலும் செப்டம்பரிலும் குழு வந்து பார்க்கும். செடி சரியில்லை என்றாலோ, செயற்கை உரம் ஒரு கரண்டி போட்டாலோ, பெயரை அடித்துவிடுவார்கள். மறுபடி வரிசையில் நிற்க வேண்டும், நான்கு வருடம். எனக்கு எழுபத்தேழு வயது என்பது உனக்குத் தெரியும்.

குனிய முடியாததால் மூன்று மரப்பெட்டிகள் செய்யச் சொல்லியிருக்கிறேன், இடுப்பு உயரம். அதில் நிரப்ப மண் வேண்டும். நாற்பத்தாறு வருடம் மண்ணே இல்லாமல், பாறைப்பஞ்சிலும் உர உப்புக் கரைத்த தண்ணீரிலும் தக்காளி வளர்த்தவளுக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும் என்று நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். சிரித்து முடித்ததும், எது எத்தனை சதவீதம் என்று எழுது. நான் உதவி கேட்கவில்லை, தகவல் கேட்கிறேன்.

உன் அண்ணி,
லோனி


வின்டர்ஸ்வைக், மார்ச் 9

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

இடது கால். இப்போது தேவலை. உங்கள் இரத்த அழுத்தம் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. எழுதாததால் கூடியிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

சிரித்தேன். கோழிகள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். எங்கள் அப்பாவின் கரிய மண்ணின் மேல் அண்ணன் காங்கிரீட் ஊற்றிய அன்று நான் அழுதேன். "மண்ணுன்னா நோய் கோண்டா, இனிமே நமக்கு வேணாம்"னு சொன்னவர் பெண்டாட்டி இன்று எனக்கு மண்ணைக் கேட்டு எழுதுகிறார்! ஒரு நாள் முழுக்கச் சிரிக்க எனக்கு உரிமை உண்டு, அண்ணி.

சரி, கலவை. பழைய மட்கு ஒரு பங்கு. இலைமட்கு ஒரு பங்கு, இரண்டு வருடம் கிடந்து கறுத்ததாக இருக்க வேண்டும். உங்கள் நிலத்திலேயே வெட்டிய களிமண் ஒரு பங்கு. கொஞ்சம் மணல். எல்லாவற்றையும் புரட்டி, கையில் பிடித்துப் பாருங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும்.

சதவீதம் கேட்டிருந்தீர்கள். என்னிடம் சதவீதம் இல்லை, மண்வாரிதான் இருக்கிறது.

அன்புடன்,
கோண்டா


போல்டைக், ஏப்ரல் 2

அன்புள்ள கோண்டா,

என் இரத்த அழுத்தம் நூற்று நாற்பத்தெட்டு. திருப்தியா?

நீ எழுதியபடி மட்கு வாங்கினேன். திறந்து பார்த்தால் அதில் பூச்சி, புழு, வெள்ளை நூல் போல ஏதோ பூஞ்சை. இதை அப்படியே பெட்டியில் போட நான் என்ன முட்டாளா? உன் அப்பா காலத்தில் ஒவ்வொரு குளிர்காலமும் குடில் மண்ணுக்குத் தார்ப்பாய் போட்டு ஆவி விட்டது உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. நானும் அதையே செய்தேன். பழம் பதப்படுத்தும் பெரிய கொப்பரையில், வெப்பமானி வைத்து, தொண்ணூறு டிகிரியில் அரை மணி நேரம். இருபத்திரண்டு தடவை. மூன்று நாள் வேலை.

இரண்டாம் நாள் கீழ்வீட்டு நெல் படியேறி வந்தாள்.

"லோனி, அடுப்புல என்ன வேகுது? கட்டடம் முழுக்க ஒரே நாத்தம்."

"மண்."

"என்னது?"

"மண் வேகுது நெல். இன்னும் பன்னிரண்டு தடவை இருக்கு. ஜன்னலச் சாத்திக்கோ."

அவள் இறங்கிப் போனாள். மறுநாள் என் மகளுக்குத் தொலைபேசி செய்து என் ஞாபகசக்தி பற்றி விசாரித்திருக்கிறாள்.

இப்போது என் மட்கு இந்த மாகாணத்திலேயே சுத்தமானது. உன் கால் எப்படி?

லோனி


வின்டர்ஸ்வைக், ஏப்ரல் 6

அண்ணி,

கால் கிடக்கட்டும். நீங்கள் வேக வைத்துக் கொன்றது நோயை அல்ல, வேலையாட்களை! அந்தப் புழுவும் வெள்ளை நூலும்தான் செடிக்குச் சமைத்துப் போடுகிறவை. அப்பா ஆவி விட்ட பிறகு ஒவ்வொரு வருடமும் வண்டி வண்டியாகச் சாணம் கொட்டியதை மட்டும் எப்படி மறந்தீர்கள்?

பயப்பட வேண்டாம், உயிரைத் திரும்பக் கொண்டு வரலாம். பக்கத்து நிலத்தில் யாராவது மட்குக் குவியல் வைத்திருப்பார்கள். அதன் நடுவிலிருந்து இரண்டு வாளி வாங்கி உங்கள் சுத்தமான பிணத்தோடு கலந்துவிடுங்கள். இலைமட்கை மறக்காதீர்கள், அவசரமும் படாதீர்கள்.

மாத்திரையை வேளைக்குச் சாப்பிடுங்கள்.

கோண்டா


போல்டைக், மே 21

அன்புள்ள கோண்டா,

நீ நலமா? ஆறு வாரம் எழுதாததற்குக் காரணம் கோபம் அல்ல, வேலை. கொஞ்சம் கோபமும்தான்.

பதினைந்தாம் எண் நிலத்துக்காரர் சேவ்ராஜ். சுரினாமிலிருந்து வந்தவர், முப்பது வருடம் ஹேக் நகரில் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். முழ நீளக் காராமணி போடுகிறார். அவரிடம் இரண்டு வாளி கேட்டேன், நான்கு கொடுத்தார். வாங்குவதற்கு முன் வாளிக்குள் எட்டிப் பார்த்தேன்.

"எண்ணிப் பாக்காதீங்கம்மா, புழு குறையாது" என்றார்.

இலைமட்கு இந்த ஊரில் எந்தக் கடையிலும் இல்லை. அதற்குப் பதில் வேறொன்று கிடைத்தது, அதைக் கலந்துவிட்டேன். கடைசி உறைபனி விழும் என்று பயப்படும் பனிப் புனிதர்களின் நாட்கள் கழிந்த மறுநாள், பதினாறாம் தேதி, நட்டேன். தக்காளி, நூல்கோல், சுக்கினிப் பூசணி, மூலையில் பீன்ஸ்.

தண்ணீர் விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். கால் மணிக்கு ஒருமுறை, ஒவ்வொரு செடிக்கும் ஒரு கோப்பை. சேவ்ராஜ் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, அது செடியா, கைக்குழந்தையா? இப்படிப் பால் குடுக்குறீங்க?"

"எங்க குடிலில் ஒரு நாளைக்கு முப்பது தடவை சொட்டு விடும். கம்ப்யூட்டர் விடும்."

"இங்க டைம்டேபிள் கெடயாதும்மா. நான் டிராம விட்டு எறங்கினதே அதுக்குத்தான். வாரம் ரெண்டு தடவை, வயிறு முட்டக் குடுங்க. தாகம் எடுத்தாத்தான் வேர் கீழ எறங்கும்."

அவர் சொன்னது சரி என்று எனக்குப் பட்டது. அவரிடம் சொல்லவில்லை. புதன்கிழமையிலிருந்து வாரம் இரண்டு தடவை விடுகிறேன்.

லோனி


போல்டைக், ஜூன் 14

அன்புள்ள கோண்டா,

நலம் விசாரிக்காததை இந்த முறை மன்னித்துவிடு.

செடிகள் மஞ்சளாகின்றன. அடி இலையிலிருந்து தொடங்கி மேலே ஏறுகிறது. தக்காளி, நூல்கோல், சுக்கினி எல்லாம். பீன்ஸ் மட்டும் பச்சை. நைட்ரஜன் பற்றாக்குறை என்பது எனக்குத் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். குடிலில் என்றால் ஒரு குழாயைத் திருகியிருப்பேன், மறுநாள் சரியாகியிருக்கும். இங்கே எதைத் திருகுவது?

இலைமட்குக்குப் பதில் நான் கலந்தது, நகராட்சி தெரு மரங்களை வெட்டி இலவசமாகக் கொடுத்த மரச்சீவல். புதியது. நல்ல வாசனை. மூன்றில் ஒரு பங்கு, எடை போட்டு.

குழு ஜூலை 5 அன்று வருகிறது. சங்கத் தலைவி அன்னெமீக், நாற்பது வயது, முதல் சந்திப்பிலேயே என்னை லோனி என்று அழைத்தவள், நேற்று வேலி ஓரம் நின்று, "இதெல்லாம் இப்டித்தான் இருக்கணுமா?" என்று கேட்டாள். நாற்பத்தாறு வருடத்தில் என் செடியைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்டதில்லை.

உடனே எழுது.

லோனி


வின்டர்ஸ்வைக், ஜூன் 18

அன்புள்ள அண்ணி,

கிடைத்த அன்றே எழுதுகிறேன். மனதைத் தளர விடாதீர்கள்.

பச்சை மரச்சீவல் மக்குவதற்கு நைட்ரஜன் வேண்டும். மண்ணில் இருப்பதை எல்லாம் அதுவே தின்றுவிடும், செடிக்கு மிச்சம் இருக்காது. பீன்ஸ் தன் சாப்பாட்டைத் தானே சமைத்துக்கொள்ளும், அதனால் அதற்குக் கவலை இல்லை. சீவல் தின்றது எங்கும் போகாது. மக்கி முடித்ததும் திருப்பிக் கொடுக்கும். எப்போது என்பது அதன் இஷ்டம். ஆகஸ்டாக இருக்கலாம்.

கைக்கு எட்டிய சீவலைப் பொறுக்கி எடுங்கள். மேலே சேவ்ராஜின் மட்கை இரண்டு விரல் கனம் போடுங்கள். செந்தட்டிச் செடியை அறுத்து (கையுறை!) தண்ணீரில் இரண்டு வாரம் ஊற வைத்து, பத்து மடங்கு நீர் சேர்த்து ஊற்றுங்கள். நாறும். நெல்லுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஜூலை 5க்குள் முழுதும் சரியாகாது. குழுவிடம் உள்ளதைச் சொல்லுங்கள், அவர்களும் தோட்டம் போடுகிறவர்கள்தானே. என் கால் நன்றாக இருக்கிறது.

கோண்டா


போல்டைக், ஜூலை 9

அன்புள்ள கோண்டா,

உன் கால் நன்றாக இருப்பதில் மகிழ்ச்சி. இங்கும் எல்லாம் நன்றாக இருக்கிறது.

முதல் ஆய்வில் தேறிவிட்டேன். ஜூன் 25 அன்று ஊற்றினேன், நான்கே நாளில் பச்சை திரும்பிவிட்டது. செந்தட்டி நீர் நல்ல பொருள்தான். குழுவினர் ஐந்து பேரும் வந்தார்கள். முன்வரிசைப் பெட்டிகள் இரண்டையும் பார்த்து அன்னெமீக் வாயைப் பிளந்துவிட்டாள்.

"லோனி, ரெண்டு வாரம் முன்னாடி இது சாகக் கெடந்துச்சே! என்ன பண்ணினீங்க?"

"கவனிச்சேன்," என்றேன்.

"இத நீங்க எழுதிக் குடுக்கணும். எத்தனை பங்கு, என்ன ஊத்தினீங்க, எல்லாம். சங்கத்தோட செப்டம்பர் இதழ்ல போடறோம். புதுசா வர்றவங்க அத்தனை பேருக்கும் இதுதான் இனிமே பாடம்."

எண்பத்தாறு உறுப்பினர்கள். பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

வெயில் அதிகம். வேறு விசேஷம் இல்லை.

லோனி


வின்டர்ஸ்வைக், ஆகஸ்ட் 17

அன்புள்ள அண்ணி,

ஐந்து வாரம் பதில் போடவில்லை. கோழிகளுக்குப் பேன், எனக்கு வயிற்றுக் கோளாறு, இரண்டும் சரியாகிவிட்டன. நீங்கள் நலமா? மாத்திரை?

இங்கே மழை போதுமான அளவு. வெங்காயம் எடுத்துவிட்டேன். செந்தட்டிப் பீப்பாயை நேற்றுத்தான் திறந்தேன், மூன்று வாரம் ஆகியும் இன்னும் முழுதாகக் கரையவில்லை.

நீங்கள் எத்தனை நாள் ஊற வைத்தீர்கள்?

அன்புடன்,
கோண்டா


போல்டைக், ஆகஸ்ட் 24

அன்புள்ள கோண்டா,

ஊற வைக்கவே இல்லை.

குடிலை விற்றபோது உர உப்புப் பைகள் எல்லாவற்றையும் வாங்கியவரிடமே விட்டுவிட்டு, கால்சியம் நைட்ரேட் மட்டும் இரண்டு கிலோ ஒரு பிஸ்கட் டப்பாவில் எடுத்து வைத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்காதே. சில பெண்கள் கணவரின் கைக்கடிகாரத்தை வைத்துக்கொள்வார்கள்.

ஜூன் 25, காலை ஆறு மணிக்கு, தோட்டத்தில் ஒருவரும் இல்லை. பத்து லிட்டருக்குப் பத்து கிராம். அளவு பார்க்கப் புத்தகம் தேவைப்படவில்லை. அதைத்தான் முதலில் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அத்தனை மாதத்தில் முதல்முறையாக, நான் செய்வது எனக்குத் தெரிந்திருந்தது.

இரண்டு பெட்டிக்கு ஊற்றினேன். மூன்றாவதற்கு ஊற்றவில்லை. மனசாட்சி என்று நினைத்துவிடாதே. எந்தப் புதுப் பொருளை முயன்றாலும் ஒரு வரிசையை ஒப்பிட்டுப் பார்க்க விட்டு வைப்பது குடிலில் எங்கள் வழக்கம், கை தானாகவே நின்றுவிட்டது. அந்தப் பெட்டி பின்னால், பீன்ஸ் பந்தலுக்கு மறைவில் இருக்கிறது. நூல்கோல், பாதி சுக்கினி. ஆய்வுக்கு முந்தின நாள் சாக்குப் போட்டு மூடினேன். குழு அதைக் காலிப் பெட்டி என்று நினைத்துவிட்டது.

இந்த மாதம் பத்தாம் தேதியிலிருந்து அந்த மூன்றாவது பெட்டியும் பச்சையாகிறது. உப்பில்லாமல், நீ சொன்னபடி, அதன் இஷ்டத்துக்கு. தினமும் போய்ப் பார்க்கிறேன். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, அதுதான் தாங்க முடியவில்லை.

செப்டம்பர் முதல் தேதிக்குள் கலவைக் குறிப்பு கேட்கிறாள் அன்னெமீக். மூன்று தடவை எழுதினேன். நான் படித்த கன்னியர் மடத்துப் பள்ளியில் ஒவ்வொரு தேர்வுத் தாளின் அடியிலும் "பிறர் உதவியின்றி எழுதியது" என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். சகோதரி ரெமிஹியா அதைப் படித்துவிட்டுத்தான் விடைகளைப் படிப்பார். குறிப்பின் அடியில் என் பெயரை எழுதப் போனால் பேனா ஓடவில்லை. புதிதாக வரும் யாரோ ஒருவர் அதை நம்பிச் செந்தட்டியை நான்கு நாள் ஊற்றிவிட்டு, பச்சை வரவில்லையே என்று தன் கையைக் குறை சொல்லிக்கொள்வார்.

சொன்னால் நிலம் போகும். அதைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. விதி தெளிவாக இருக்கிறது. மறுபடி அந்த ஜன்னல்தான்.

உன் வயிற்றுக்கு ஓட்ஸ் கஞ்சி குடி.

லோனி


வின்டர்ஸ்வைக், ஆகஸ்ட் 28

அன்புள்ள அண்ணி,

"நான்கே நாளில்" என்று படித்த அன்றே எனக்குத் தெரியும். கேட்டிருந்தால் நீங்கள் என்னிடம் இன்னொரு பொய் சொல்ல வேண்டியிருக்கும். உங்களுக்கு அது பழக்கமில்லாத வேலை, அதனால் ஐந்து வாரம் கேட்காமல் இருந்தேன். வயிற்றுக் கோளாறும் இல்லை, கோழிக்குப் பேனும் இல்லை. பாருங்கள், நானும் பொய் எழுதியிருக்கிறேன்.

என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. நாற்பத்தாறு வருடத்தில் நான் சொல்லி நீங்கள் எதைச் செய்திருக்கிறீர்கள்?

ஒன்று மட்டும். எது நடந்தாலும் எனக்கு எழுதுங்கள். கொஞ்சம் நீளமாக.

கோண்டா


போல்டைக், அக்டோபர் 4

அன்புள்ள கோண்டா,

நீ நலம் என்று நம்புகிறேன். நான் ஒன்பது நாளாக மண்வாரி பிடித்ததில் தோள் வலி, மற்றபடி நலம். நீளமாக எழுதச் சொன்னாய், எழுதுகிறேன்.

செப்டம்பர் 13 அன்று குழு வந்தது. நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். அன்னெமீக் காகிதத்தை எடுப்பதற்கு முன்பே, "முதலில் பின்னால் இருக்கும் பெட்டியைப் பாருங்கள்" என்றேன். பார்த்தார்கள். நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். "அது மண். முன்னால் இருப்பவை இரண்டும் உப்பு" என்றேன். பிறகு தேதி, அளவு, எல்லாம் சொன்னேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் சேவ்ராஜ் மண்வெட்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"ஐயோ லோனி," என்றாள் அன்னெமீக். "சொல்லாம இருந்திருக்கலாமே! எங்களுக்குத் தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காது."

"எனக்குத் தெரியுமே. அப்புறம், உங்க இதழ்ல போடவும் என்கிட்ட எதுவும் இல்ல."

கருவிக்கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். முக்கால் மணி நேரம். சேவ்ராஜ் எனக்கு நாற்காலி கொண்டு வந்து போட்டார்.

"உள்ள போயி நானும் ரெண்டு வார்த்த சொல்லவா?"

"வேணாம். நீங்க என்ன சொல்வீங்க?"

"உப்பு வாசனை எனக்கு ஜூன்லயே வந்துச்சுன்னு சொல்வேன்."

"உப்புக்கு வாசனை கிடையாது."

"அதான் சொல்லாம இருந்தேன்."

நான் சிரித்துவிட்டேன், கோண்டா. தீர்ப்புக்குக் காத்திருக்கும்போது சிரித்தேன்.

மூன்று பேர் எனக்குச் சாதகம், இரண்டு பேர் எதிர். எதிர்த்தவர்களில் ஒருவர் பீட் கிழவர், கூட்டத்தின் மூத்தவர். வெளியே வந்து என் முகத்தைப் பார்த்தே சொன்னார்: "வருத்தப்படாதீங்க. விதின்னா விதிதான்." அவர் சொன்னதுதான் சரி. நான் அந்தக் குழுவில் இருந்திருந்தால் நானும் எதிர்த்துத்தான் கை தூக்கியிருப்பேன். அவரிடமே அதைச் சொன்னேன். குழம்பிப் போய் எனக்குக் கை கொடுத்தார்.

முடிவு இது. உப்புப் போட்ட இரண்டு பெட்டிகளையும் காலி செய்ய வேண்டும். இந்த வருடம் கணக்கில் இல்லை. பின்பெட்டியை முன்னிட்டு நிலம் என்னிடமே இருக்கும், மார்ச்சிலிருந்து சோதனை வருடம் மறுபடி. இதழில் நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். எழுதிக் கொடுத்துவிட்டேன், ஒன்றரைப் பக்கம். அடியில் பெயர் எழுதியபோது பேனா ஓடியது. கீழ்வீட்டு நெல் அதைப் படித்துவிட்டு, என் ஞாபகசக்தியில் ஒரு குறையும் இல்லை என்று என் மகளுக்குச் சொல்லியிருக்கிறாள்.

பள்ளிக்கூடத்தில் நான் எந்த வகுப்பிலும் இரண்டு வருடம் உட்கார்ந்ததில்லை. எழுபத்தேழு வயதில் உட்காரப் போகிறேன். வெட்கப்பட வேண்டும் என்று தெரிகிறது. காலையில் எழுந்ததும் முதலில் வருவது வெட்கம் அல்ல, இன்றைக்கு எந்தப் பக்கம் புரட்டலாம் என்ற யோசனை.

இரண்டு பெட்டிகளையும் நானே காலி செய்தேன். சேவ்ராஜ் காராமணி பறிப்பதாகச் சொல்லிக்கொண்டு என் மண் வண்டியைத் தள்ளினார். தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் மரங்களின் இலைகளைப் பாதிரியாரிடம் கேட்டு வாங்கிக் குவித்திருக்கிறேன். இரண்டு வருடம் ஆகும் என்று நீ சொல்வாய். ஆகட்டும். நேற்று பின்பெட்டி நூல்கோலை வேக வைத்து, உருளைக்கிழங்கோடு மசித்து, வெண்ணெய் போட்டுச் சாப்பிட்டேன். கொஞ்சம் நார் இருந்தது. தட்டில் மிச்சம் வைக்கவில்லை.

அடுத்த வாரம் ரயிலேறி வா. ஒன்பது இருபது வண்டியில் வந்தால் ஒரே இடத்தில் மாறினால் போதும், உன் காலுக்குச் சிரமம் இல்லை. வரும்போது உன் இலைமட்கில் ஒரு வாளி கொண்டு வா. சதவீதம் கேட்க மாட்டேன், வாக்கு. வாளி எத்தனை லிட்டர் என்று மட்டும் சொல்லிவிடு.

உன் அண்ணி,
லோனி